மேனேஜர் தானாக வெளியே வந்த விதம்

அந்த வீட்டு மேனேஜருக்கு வயது ஏழு. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் பள்ளிக்கூடத்துப் பதிவில் மட்டும் இருக்கிறது, வீட்டில் அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. சட்டைக் கழுத்தில் கம்பெனிக்காரன் தைத்து அனுப்பும் சின்னத் துணித்துண்டை வெட்டி எறிந்தால்தான் சட்டையைப் போட்டுக்கொள்வாள். காலுறையின் தையல் விரல்மேல் படக் கூடாது. ஈரக்கையோடு யாரும் தொடக் கூடாது. மிக்ஸி போடுவதென்றால் முன்கூட்டியே தகவல் சொல்லி, மேனேஜர் கடைசி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து "போடலாம்" என்று உத்தரவு கொடுத்த பிறகுதான் போட வேண்டும். குக்கர் பரணில் ஏறிப் பல காலம் ஆகிவிட்டது. இத்தனை உத்தரவு போடுகிற ஆளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

இதில் விதி செய்த கேலி ஒன்று உண்டு. மேனேஜருடைய அப்பாவுக்குப் பிழைப்பே சத்தத்தில்தான். பெரிய கட்டடங்களில் தீ அலாரம் மாட்டிப் பராமரிக்கிற கம்பெனியில் அவர் மெக்கானிக். சுவரில் இருக்கும் சிவப்புப் பெட்டியின் கண்ணாடியை அழுத்தினால் மாடிக்கு மாடி ஹூட்டர் அலற வேண்டும். எவனாவது ஒருவன் அதையும் மீறித் தூங்கிக்கொண்டிருந்தால் கம்பெனிக்குப் புகார் வரும். பகலெல்லாம் ஊரார் காதைக் கிழித்துவிட்டு, சாயங்காலம் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திருடன்போல உள்ளே நுழைவார் அலாரக்காரர்.

அவர் மனைவிக்கு மின்சாரம் போனால் ஜனங்கள் கூப்பிட்டுத் திட்டுகிற அலுவலகத்தில் போன் எடுக்கிற வேலை. பிறத்தியார் வீட்டு இருட்டுக்கெல்லாம் இவர்தான் காரணம் என்பதுபோலக் காலையிலிருந்து மாலைவரை வாங்கிக் கட்டிக்கொண்டு வருபவருக்கு வீட்டு அமைதி பெரிய வரம். "மேனேஜர் புண்ணியத்துல இந்த வீட்ல கொஞ்சம் நிம்மதி இருக்கு. உங்க தங்கச்சிகூட ரெண்டு நாள் தங்கறதுக்குப் பயப்படறா பாருங்க" என்று சொல்லிச் சந்தோஷப்படுவார். அலாரக்காரரின் தங்கை பேச ஆரம்பித்தால் ஹூட்டர் தேவலாம் என்பது அலாரக்காரருக்கும் தெரியும், ஆனால் அதை அவர் வாய் திறந்து சொன்னதில்லை.

சொந்தக்காரர்கள் ஆரம்பத்தில் வைத்தியம் சொல்லத்தான் செய்தார்கள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள், நாலு போடு போட்டால் தானாக வழிக்கு வரும் என்றார்கள். சத்தத்துக்குப் பயப்படுகிற பிள்ளையை அடித்துச் சத்தமாக அழவைப்பது என்ன வைத்தியம் என்று யாரும் யோசிக்கவில்லை. கடைசியில் ஒரு தெரபிஸ்ட்தான் விஷயத்தைப் புரியவைத்தார். அமைதியான, அவசரமே இல்லாத பெண்மணி. "உங்களுக்கும் எனக்கும் மூளை பாதி சத்தத்த வெளியிலயே நிறுத்திடும். உங்க பொண்ணுக்கு எல்லாமே ஒரே சமயத்துல உள்ள வந்துடுது. இது பிடிவாதம் இல்ல சார், வலி" என்றார். அன்றைக்கு அலாரக்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டு வரும்போது வழி முழுக்க ஒரு ஹாரன்கூட அடிக்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

இப்போது மேனேஜர் படிப்பது மூன்றாவது பள்ளிக்கூடம். முதல் இரண்டும் நாசூக்காகக் கைகழுவிவிட்டன. மூன்றாவதில் எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தது, தீ ஒத்திகை நடக்கும்வரை.

ஒத்திகை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அலாரம் அடிக்கும், பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் மைதானத்துக்கு வந்து நிற்பார்கள், ஆசிரியைகள் பெயர் கூப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். அன்றைக்கு அலாரத்தைப் போட வந்தவர் கம்பெனியின் வேறொரு மெக்கானிக். தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரியும் பார்வையிட வந்திருந்தார். "ஒரு பிள்ளைகூட உள்ள இல்ல சார்" என்று தலைமையாசிரியை அவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை குறைகிறது என்று தெரிந்தது. தேடினார்கள். விளையாட்டுச் சாமான் வைக்கிற அலமாரியின் அடித்தட்டில், பாய்ச் சுருள்களுக்குப் பின்னால், யாருடைய காலுறைகளையோ சுருட்டிக் காதுக்குள் திணித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள் மேனேஜர். கண்டுபிடித்தவர் அந்த அதிகாரியேதான். தன் காலுறையின் தையலையே பொறுக்காத பிள்ளை ஊரான் காலுறையை எடுத்துக் காதில் வைத்தது என்றால் அந்தச் சத்தம் அவளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நினைத்து அலாரக்காரர் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தலைமையாசிரியை பெற்றவர்கள் இரண்டு பேரையும் வரச்சொன்னார். கண்டிப்பான ஆள், ஆனால் கல்நெஞ்சுக்காரி அல்ல.

"நிஜமாவே தீப்பிடிச்சா நான் எந்த அலமாரில போய்த் தேடறது சார்? நீங்களே சொல்லுங்க."

ஒவ்வொரு கட்டடத்திலும் அதன் உரிமையாளரைப் பார்த்து அலாரக்காரர் கேட்கிற கேள்வி அது. அவர் பிழைப்பே அந்தக் கேள்விதான்.

"அடுத்த ஒத்திகைல அவ தன்னோட கால்ல நடந்து, வரிசையில வெளிய வரணும். யாரும் தூக்கிட்டு வரக் கூடாது, இழுத்துட்டு வரக் கூடாது. அப்படி வந்துட்டா எனக்குச் சந்தோஷம். வரலேன்னா அவள இங்க வெச்சுக்கற தைரியம் எனக்கு இல்ல. தப்பா எடுத்துக்காதீங்கம்மா."

இதற்கு மேல் இருந்தது ஒரே ஒரு பள்ளிக்கூடம். அது ஊரின் அந்தக் கோடியில். பஸ்ஸில்தான் போக வேண்டும், பஸ் பிரேக் பிடிக்கிற சத்தத்துக்கே மேனேஜர் தரையில் உட்கார்ந்துவிடுவாள். தவிர, இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். பல்லெல்லாம் விழுந்துபோன, அதிகம் பேசாத ஒரு பிள்ளை.

இந்த நிபந்தனை மேனேஜர் காதுக்குப் போகவே கூடாது என்று புருஷனும் பெண்டாட்டியும் தீர்மானித்தார்கள். அதைப் பற்றி எது பேசினாலும் சமையலறையில் வைத்து, குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டு, காதோடு காதாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த முறை தெரபிஸ்டைப் பார்த்தபோது அலாரக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். காதை மூடுகிற கருவி ஒன்றைத் தன் வேலைச் சாமான்களிலிருந்து கொடுத்துப் பார்த்ததையும், யாரோ தலையைப் பிடித்து நசுக்குகிற மாதிரி இருக்கிறது என்று அவள் அதைக் கழற்றி எறிந்ததையும் சொன்னார்.

"எல்லாச் சத்தத்தையும் நம்மளால அடைக்க முடியாது சார். சத்தம் எப்ப வரும்னு அவளுக்குத் தெரியணும். அது அவ கைல இருக்கணும். அவளே ஆரம்பிக்கட்டும், அவளே நிறுத்தட்டும். சின்னதா எதையாவது வெச்சு ஆரம்பிங்க. மெதுவா" என்றார் தெரபிஸ்ட்.

அவர் மனதில் வைத்துச் சொன்னது பொம்மை மேளம் மாதிரி ஏதோ ஒன்று. அலாரக்காரர் அதை மெக்கானிக் காதோடு கேட்டுவிட்டார். மறுநாள் சாயங்காலம் கம்பெனிக் கிடங்கிலிருந்து கழித்துப்போட்ட ஹூட்டர் ஒன்று, பேட்டரி, ஒரு சிவப்புப் பெட்டி, ஒரு சாவி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மனைவி பையைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"ஏங்க, அந்தம்மா சொன்னது மேளம்."

"ஸ்கூல்ல அடிக்கப்போறது மேளம் இல்லியே."

"இத வெச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"அவ கைல கொடுக்கப்போறேன்."

"கொடுங்க. எனக்கு ஆபீஸ்ல ஓவர்டைம் இருக்கு" என்று சொல்லிவிட்டு மனைவி நழுவப் பார்த்தார். ஆனால் போகவில்லை, கதவோரம் நின்று பார்த்தார்.

கடைசி அறையில் பாடம் ஆரம்பமானது. ஹூட்டரைப் பிஸ்கட் டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து, எல்லாவற்றையும் போர்வைகளால் சுற்றி, அந்த மூட்டையைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். சிவப்புப் பெட்டி மேனேஜருக்கு எட்டுகிற உயரத்தில் சுவரில் ஏறியது. நிறுத்துகிற சாவியை ஒரு கயிற்றில் கோத்து அவள் கழுத்தில் மாட்டிவிட்டார்.

"நீ அழுத்தினாத்தான் சத்தம் வரும். சாவியத் திருப்பினா நின்னுடும். நான் தொடவே மாட்டேன்."

மேனேஜர் சந்தேகத்தோடு பெட்டியைப் பார்த்தாள். அழுத்தினாள். பீரோவுக்குள்ளிருந்து கொசுவளவுக்கு ஏதோ முனகியது. உடனே சாவியைத் திருப்பினாள். இன்னொரு தடவை அழுத்தினாள். திருப்பினாள். அன்றைக்குச் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு போர்வையாகக் குறைந்தது. எந்தப் போர்வையை எப்போது எடுப்பது என்பதை மேனேஜர்தான் முடிவுசெய்வாள். "இன்னிக்கு வேணாம்" என்றால் வேண்டாம்தான். சில நாள் எடுத்த போர்வையையே திரும்பச் சுற்றச் சொல்வாள். அலாரக்காரர் மறுபேச்சுப் பேசாமல் சுற்றுவார். இப்படியே போய் ஒருநாள் ஹூட்டர் பீரோவை விட்டு வெளியே வந்து, மேஜைமேல் அம்மணமாக உட்கார்ந்தது. மேனேஜர் தோளைத் தூக்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்தினாள். வீடே அதிர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார்.

"என்னங்க, தீயா?"

"இல்லீங்க, பாப்பா படிக்கறா" என்றார் மனைவி.

இதற்கிடையில் அலாரக்காரர் ஒரு அவசரக்குடுக்கைத்தனமும் செய்தார். இவ்வளவு தேறிவிட்டாளே, சொல்லாமல் அழுத்தினால் என்ன ஆகிறது பார்ப்போம் என்று, அவள் படம் வரைந்துகொண்டிருந்தபோது பின்னாலிருந்து அழுத்திவிட்டார். மேனேஜர் கட்டிலுக்கடியில் போய்விட்டாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. பொழுது சாயும்வரை அவரோடு பேசவில்லை. மனைவி அவரைத் திட்டவே இல்லை. அவர் திட்டவில்லை என்பதுதான் அலாரக்காரரை அதிகம் வதைத்தது. தன்னை நினைத்து அவருக்கே அருவருப்பாக இருந்தது. அதற்குப் பிறகு அந்தப் பெட்டியின் பக்கமே அவர் போகவில்லை. சத்தம் அவள் கையில் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் ஆவதில்லை, அதுவே போதும், மீதி தானாக வரும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். நல்லபடியாகப் போகிற வேலையில் கைவைக்காமல் விட்டால் அது முடிந்துவிடும் என்று நம்புகிற மெக்கானிக்குகள் உண்டு. வேறு கட்டடமாக இருந்தால் அவர் அப்படி நம்பியிருக்க மாட்டார்.

சூப்பர்வைசரிடம் கெஞ்சி அந்தப் பள்ளிக்கூடத்தைத் தன் பொறுப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு விடுமுறை நாளில் பராமரிப்புக்குப் போனபோது, யாருமில்லாத வகுப்பறையில், மகள் உட்காரும் பெஞ்சுக்கு நேர் மேலே இருந்த ஹூட்டருக்குக் கீழே ஏணி போட்டு ஏறினார். மூடியைத் திறந்தார். ஒரு கம்பியைக் கழற்றினால் போதும். அந்த அறை மட்டும் அமைதியாக இருக்கும், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. ஸ்க்ரூடிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு ஏணியில் நின்றவர் நின்றபடியே இருந்தார். கீழே இருந்த பெஞ்சுகளைப் பார்த்தார். சுவரில் பிள்ளைகள் ஒட்டியிருந்த காகித மீன்களைப் பார்த்தார். எல்லாம் நன்றாகத் தீப்பிடிக்கிற சாமான்கள். கம்பியைக் கழற்றவில்லை. திருகை ஏற்கெனவே இருந்ததைவிட இறுக்கமாக முறுக்கிவிட்டு இறங்கி வந்தார். மனைவியிடம்கூட அதைச் சொல்லவில்லை.

ஒத்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் போன் செய்தார். "உங்க ஸ்கூல்ல அலாரம் அடிச்சுட்டு இருக்கு. தீ இல்லியாம். எவனோ வாண்டு கண்ணாடிய அழுத்தியிருக்கான். போய் நிறுத்திட்டு வாங்க."

முன்னறிவிப்பில்லாத அலாரம். எந்த அலமாரியில் இருக்கிறாளோ என்று நினைத்துக்கொண்டே அலாரக்காரர் வண்டியை விரட்டினார். அன்றைக்கு ஹாரன் தாராளமாக அடித்தார்.

கேட்டைத் தாண்டி மைதானத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். முழுப் பள்ளிக்கூடமும் வரிசையாக நின்றது. இரண்டாம் வகுப்பு வரிசையில், எல்லோருக்கும் முன்னால், கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தபால் நிலையத்தில் காத்திருக்கிற ஆள் மாதிரி அலட்டிக்கொள்ளாமல் நின்றுகொண்டிருந்தாள் மேனேஜர். உள்ளே ஹூட்டர்கள் இன்னும் அலறிக்கொண்டிருந்தன. அவள் காதைக்கூட மூடவில்லை.

அலாரக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அலாரத்தை நிறுத்த வந்தவர் அதை மறந்து நேராகத் தலைமையாசிரியையிடம் ஓடினார்.

"மேடம்! பாத்தீங்களா? வெளிய வந்துட்டா! தன் கால்ல! வரிசைல! முதல் ஆளா நிக்கறா பாருங்க!"

"முதல் ஆளா வரத்தானே செய்வா? அழுத்தினவளே அவதான். மொதல்ல போய் அத நிறுத்துங்க சார், காது போகுது."

அலாரக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அலாரத்தை இயக்குகிற பேனலை நோக்கி நடந்தார். சிவப்பு விளக்கு எந்தப் பெட்டி என்று காட்டியது. சாப்பாட்டு அறை.

தலைமையாசிரியையின் அறையில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், கால் தரைக்கு எட்டவில்லை. தகவல் கிடைத்து அம்மாவும் அலுவலகத்திலிருந்து வந்துவிட்டார். குற்றவாளியின் முகத்தில் கலக்கமே இல்லை. கலக்கமெல்லாம் பெற்றவர்கள் முகத்தில்தான்.

"ஏன் அழுத்தின?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"அப்பதான் நடந்து வெளிய வர முடியும்."

"எதுக்கு வெளிய வரணும்?"

"வரலேன்னா என்ன ஸ்கூல விட்டு அனுப்பிடுவீங்க."

தலைமையாசிரியை பெற்றவர்களைப் பார்த்தார். அலாரக்காரர் மனைவியைப் பார்த்தார். அவர் அலாரக்காரரைப் பார்த்தார்.

"யாரு சொன்னா உனக்கு?" என்றார் அம்மா.

"நீயும் அப்பாவும்தான். சமையல் ரூம்ல."

"நாங்க மெதுவாத்தானே பேசினோம். குழாய் வேற திறந்திருந்துச்சே."

"எனக்குக் கேக்கும்" என்றாள் மேனேஜர். உலகத்திலேயே மிகச் சாதாரணமான விஷயத்தைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

கேட்கத்தான் செய்யும். வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கிறது என்றுதானே அத்தனை உத்தரவும். அதைத் தெரிந்துவைத்திருந்த இரண்டு பேரும் குழாயை நம்பி ரகசியம் பேசியிருக்கிறார்கள். இத்தனை நாளும் அவள் அதைச் சுமந்துகொண்டுதான் போர்வை போர்வையாக எடுக்கச் சொல்லியிருக்கிறாள். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அலாரக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு, "தப்பு எங்க மேலதான் மேடம். அழுத்தினா உன் கைல சத்தம்னு சொல்லிக்கொடுத்தது நான்தான்" என்றார்.

தலைமையாசிரியை அவருக்குப் பதில் சொல்லாமல் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"சரி. இத்தன இடத்துல பெட்டி இருக்கே, சாப்பாட்டு ரூம்ல ஏன் அழுத்தின?"

"அங்கதான் ரொம்ப வலிக்கும். எல்லாரும் கத்துவாங்க. தட்டு விழும். பெஞ்ச இழுப்பாங்க. அலாரம் அடிச்சா எல்லாரும் வாய மூடிட்டு வெளிய வருவாங்க. வரிசைல பேசக் கூடாதுன்னு நீங்கதானே ரூல் போட்டிருக்கீங்க."

"தினமுமா வலிக்கும்?"

"தினமும்."

"அப்ப எப்படிச் சாப்பிடுவ?"

"சாப்பிட மாட்டேன்."

அம்மா சட்டென்று நிமிர்ந்தார். டப்பாவில் சாப்பாடு தினமும் மிச்சமாக வருவதைப் பார்த்து, நாக்குக்கு ருசி போதவில்லை என்று விதவிதமாகச் செய்து அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். "ஏன்டா எங்ககிட்ட சொல்லல?" என்றார்.

மேனேஜர் யோசித்தாள். "நீங்க அலாரத்தப் பத்தி மட்டும்தான் கேட்டீங்க."

தலைமையாசிரியை மேஜைமேல் இருந்த பேனாவை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"தீ இல்லாம அலாரத்த அழுத்தினது பெரிய தப்பு. அதுக்குத் தண்டனை உண்டு. இனிமே நீ சாப்பாட்டு ரூமுக்குப் போகக் கூடாது. என் ரூம்ல உக்காந்துதான் சாப்பிடணும்."

"எத்தன நாளைக்கு?"

"ஒரு வாரம்."

"ஒரு வாரம் மட்டும்தானா?" மேனேஜர் முகம் முதல் தடவையாக வாடியது.

"சரி, வருஷம் முழுக்க. உன் சிநேகிதியும் வருவான்னு சொல்லிடாத."

"வருவா. அவ பேச மாட்டா."

"வரட்டும்" என்றார் தலைமையாசிரியை. பிறகு, யாரும் கேட்காமலே பெற்றவர்களிடம் சொன்னார். "நானும் அந்த ரூம்ல சாப்பிடறதில்ல. இருந்து பாத்தேன், முடியல."

ஆனால் நிபந்தனையில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கு வெளியே வந்தது கணக்கில் சேராது, தீ யார் கையையும் கேட்டுக்கொண்டு வராது என்றார். ஒத்திகை நடக்கும். எந்த நாள், எந்த நேரம் என்று மேனேஜரிடம் முன்பே சொல்லப்படும். ஆனால் பெட்டியை அவள் தொடக் கூடாது. பேனலில் சாவி போடப்போவது கம்பெனி மெக்கானிக், அதாவது அப்பா. அலாரக்காரர் தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

ஒத்திகை நாள் காலையில் மேனேஜரைக் கனமான ரஜாய்ப் போர்வையில் வைத்து இறுக்கச் சுருட்டினார். அப்படிச் சுருட்டினால் அவள் உடம்பு அடங்கும் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தார். சுருளுக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது.

"அப்பா, நானே அழுத்தக் கூடாதா?"

"கூடாது."

"நீங்கதான் போடுவீங்களா?"

"நான்தான் போடுவேன்."

"நிஜத் தீ வந்தா முன்னாடியே சொல்லுமா?"

"சொல்லாதும்மா."

"அது மரியாதையே இல்ல" என்றாள் மேனேஜர். அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொன்னாள். இறுக்கினார்.

சொன்ன நேரத்துக்கு மைதானத்து ஓரத்தில் பேனலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். தலைமையாசிரியை கையைக் காட்டினார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எத்தனையோ கட்டடங்களில் பழக்கதோஷத்தில் திருப்பிய சாவி, இன்றைக்குக் கையில் வழுக்கியது. பேன்ட்டில் கையைத் துடைத்துக்கொண்டு திருப்பினார். கட்டடம் அலறியது. உள்ளே, காகித மீன்கள் ஒட்டிய அறையில், தான் இறுக்கி முறுக்கிய ஹூட்டரும் சேர்ந்து அலறுவதைத் தனியாகப் பிரித்துக் கேட்க முடிகிற மாதிரி இருந்தது அவருக்கு.

ஒன்றாம் வகுப்பு வந்தது. மூன்றாம் வகுப்பு வந்தது. இரண்டாம் வகுப்பு வரவில்லை. உள்ளே ஓடிவிடலாமா என்று அலாரக்காரர் காலெடுத்தார். தூக்கிவரக் கூடாது என்பது நினைவுக்கு வந்து நின்றார்.

பிறகு கதவில் இரண்டாம் வகுப்பு தெரிந்தது. வரிசையின் நடுவில், இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு, முழங்கைகள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்க, முகமெல்லாம் சிவந்து, கண்ணீரும் மூக்குநீரும் ஒன்றாக ஒழுக, ஒவ்வோர் அடியாக வந்துகொண்டிருந்தாள் மேனேஜர். அவளுக்குக் கொஞ்சமும் நன்றாக இல்லை என்பது மைதானத்தின் கோடியிலிருந்தே தெரிந்தது. ஒரு போர்வைகூட இல்லை, சாவி அவள் கழுத்தில் இல்லை, இருந்தும் வந்துகொண்டிருந்தாள். பல்லில்லாத சிநேகிதி அவளைத் தொடாமல் பக்கத்திலேயே நடந்தாள்.

வரிசை வந்து நின்றது. அலாரத்தை நிறுத்த முடியாது. பெயர் கூப்பிட்டு முடித்து, தலைமையாசிரியை சைகை காட்டிய பிறகுதான் நிறுத்தலாம். இரண்டாம் வகுப்பு டீச்சர் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பெயர் கூப்பிட்டார். கூப்பிட்ட பிள்ளை கையைத் தூக்க வேண்டும். கையைத் தூக்க வேண்டுமென்றால் காதை விட வேண்டும். அலாரக்காரர் சாவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சும்மா ஒரு திருப்பு. அவர் விரல் சாவியைவிட்டு நகரவில்லை, சாவியும் நகரவில்லை.

டீச்சர் மேனேஜரின் பெயரைக் கூப்பிட்டார், பதிவில் இருக்கிற பெயரை.

மேனேஜர் கண்ணை இறுக்கி மூடினாள். வலதுகையைக் காதிலிருந்து எடுத்தாள். மேலே தூக்கினாள். டீச்சர் பார்த்துவிட்டார், போதும், ஆனால் கை இறங்கவில்லை, ஏனென்றால் கண்ணை மூடியிருந்தவளுக்கு டீச்சர் பார்த்தது தெரியவில்லை. மீதிப் பெயர்கள் கூப்பிட்டு முடிகிறவரை அந்தக் கை மேலேயே இருந்தது.

தலைமையாசிரியை சைகை காட்டினார். அலாரக்காரர் சாவியைத் திருப்பினார். சத்தம் அறுந்த அந்தக் கணத்தில், முழுப் பள்ளிக்கூடமும் வாயை மூடிக்கொண்டு நின்ற மைதானத்தில், மேனேஜர் தன் முழுப் பலத்தையும் சேர்த்துக் கத்தினாள்.

"வந்துட்டேன்!"

எவ்வளவு சத்தமாக என்றால், முன்னால் நின்ற பையன் தன் காதைப் பொத்திக்கொண்டான்.

"வரிசைல பேசக் கூடாது" என்றார் தலைமையாசிரியை. சொல்லிவிட்டு யாருக்கும் முகம் தெரியாதபடி சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

அலாரக்காரர் பேனலின் கதவுக்குப் பின்னால் நின்று வாய்விட்டு அழுதார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, பிறகு அடக்கவும் முயலவில்லை. மைதானத்திலிருந்து மேனேஜர் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இந்தத் தூரத்துக்கும் அவளுக்குக் கேட்கும் என்று அவருக்குத் தெரியும்.